‘ரத்தத்திலேயே ஊறியது’ என்று ஒரு குடும்பத்தைச் சொல்வது சரியா?

கேள்வி
கேட்டவர்: கிராமத்து ஆசிரியை, காரைக்குடி வட்டம்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊரின் பெரிய வீடுகள் பலவும் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடப்பவை. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால், கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும்தான் முகப்புக் கதவு திறக்கும். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் சில வாரங்களுக்கு முன் இரண்டாங்கட்டு ஓட்டைப் பிரித்து இறங்கி, வெள்ளிச் சாமான்களையும் பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரங்களையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். பிடிபட்ட மூவரில் ஒருவன் 19 வயதுப் பையன். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அந்த வயதில் யாரிடமும் கை நீட்டியதாகவோ ஒரு பென்சிலை எடுத்ததாகவோ எனக்கு நினைவில்லை.

அவனுடைய தங்கை இப்போது என் வகுப்பில் இருக்கிறாள். என் கவலை பெரும்பாலும் அவளைப் பற்றியதுதான். திருட்டு வெளியான பிறகு, அவள் பக்கத்தில் தங்கள் பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம் என்று சில பெற்றோர்கள் வந்து கேட்டார்கள். “அது ரத்தத்திலேயே ஊறியது டீச்சர், பாட்டன் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தின் பெயர் ஸ்டேஷனில் இருக்கிறது” என்கிறார்கள். வறுமைதான் காரணம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வளர்ப்பு சரியில்லை, சேர்க்கை சரியில்லை என்பவர்களும் உண்டு. விரைவில் பெற்றோர் கூட்டம் வருகிறது. அங்கே வெறும் இரக்கத்தை வைத்துக்கொண்டு நான் பேச விரும்பவில்லை. உயிரியல், உளவியல், சமூகவியல் ஆகிய மூன்று பக்கத்திலும் உண்மையில் என்னதான் தெரிந்திருக்கிறது? ரத்தம் என்ற பேச்சில் உண்மை ஏதேனும் உண்டா, உண்டென்றால் எவ்வளவு? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், காரைக்குடி

அம்மா, கூட்டத்தில் முதலில் எழப்போவது ரத்தம் பற்றிய பேச்சுத்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிலர் பிறக்கும்போதே குற்றவாளிகளாகப் பிறக்கிறார்கள் என்ற எண்ணத்துக்கு அறிவியல் வேடம் கட்டியவர் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ. பெரிய தாடை, நீண்ட கைகள், சரிந்த நெற்றி போன்ற அடையாளங்களைக் கொண்டே பிறவிக் குற்றவாளியைக் கண்டுகொள்ளலாம் என்று 1876-இல் எழுதினார். இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, சிறைக்கு வெளியே இருந்தவர்களோடு ஒப்பிட்டு, அப்படியொரு தனி உடல்வகையே கிடையாது என்று 1913-இல் காட்டினார். அதற்குப் பிறகு முகத்தைப் பார்த்துக் குற்றவாளியைச் சொல்லும் வித்தைக்கு அறிவியலில் இடமில்லை.

ஆனால் மரபுக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்வதும் பொய்யாகும். நம் பக்கத்தில் பிள்ளை கூட்டிக்கொள்வது எல்லோரும் அறிந்த வழக்கம் என்பதால், டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு உங்கள் பெற்றோர்களுக்கு எளிதில் விளங்கும். அங்கே தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேருடைய பதிவேடுகளை ஆராய்ந்து 1984-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றவர்களும் வளர்த்தவர்களும் தண்டனை பெறாதவர்களாக இருந்தபோது, ஆண் பிள்ளைகளில் 13.5 சதவீதம் பேர் பின்னாளில் ஏதோ ஒரு குற்றத்துக்காகத் தண்டனை பெற்றிருந்தார்கள். வளர்த்தவர்கள் மட்டும் தண்டனை பெற்றிருந்தால் 14.7 சதவீதம், பெற்றவர்கள் மட்டும் என்றால் 20 சதவீதம், இரு பக்கமும் என்றால் 24.5 சதவீதம். மரபின் பங்கு இதில் கண்ணுக்குத் தெரிகிறது. அதே கணக்கை மறுபக்கமிருந்தும் படித்துக் காட்டுங்கள்: தண்டனை பெற்ற பெற்றோருக்குப் பிறந்து வேறு வீட்டில் வளர்ந்த நூறு பையன்களில் எண்பது பேர் எந்தத் தண்டனையும் பெறவில்லை. இன்னொன்று, இந்தத் தொடர்பு பொருள் சார்ந்த குற்றங்களில்தான் தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் தெரியவில்லை. கொலைகாரன் மகன் கொலைகாரன் என்ற பேச்சுக்கு அந்த ஆய்விலேயே ஆதாரம் கிடையாது.

மரபணு என்று வந்தால், செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடுவது மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஏ என்ற நொதிக்கான மரபணு. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வுக் குழுவினர், இந்த நொதி குறைவாகச் சுரக்கும் ஆண்கள் சிறுவயதில் அடி உதைக்கும் கொடுமைக்கும் ஆளாகியிருந்தால் பிற்காலத்தில் சமூகவிரோத நடத்தை அவர்களிடம் கூடுதலாக இருந்தது என்று 2002-இல் அறிவித்தார்கள். ஆய்வுக்குட்பட்ட ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் அந்த வகை மரபணுவைக் கொண்டவர்கள். கொடுமைக்கு ஆளாகாமல் வளர்ந்தவர்களிடம் அந்த மரபணுவால் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக, உடம்பில் இருப்பது ஒரு சாய்வுதான், அந்தச் சாய்வு வீட்டுக்குள் நடப்பதைப் பொறுத்துக் கூடும் அல்லது குறையும்.

உளவியல் பக்கம் வந்தால், உங்கள் மாணவனின் வயதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். விளைவை எண்ணிப் பார்த்து ஆசையை அடக்கும் வேலையைச் செய்வது மூளையின் முன்பகுதி; அது முழுமையாக முதிர்வது இருபதுகளின் நடுவில். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த வயதுப் பிள்ளைகள் துணியும் அளவுக்குத் தனியாக இருக்கும்போது துணிவதில்லை. குற்றம் செய்வோரின் எண்ணிக்கை பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வேகமாக இறங்குவதை ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் காண்கிறோம். உளவியலாளர் டெர்ரி மோஃபிட் 1993-இல் இதை வைத்து இரு வகையினரைப் பிரித்துக் காட்டினார். சிறு குழந்தைப் பருவத்திலேயே முரட்டுத்தனம், கவனக்குறைவு, கற்றலில் தடுமாற்றம் என்று தொடங்கி முதிர்ந்த வயதுவரை விடாதவர்கள் மிகச் சிலர். பதின்வயதில் புகுந்து, வேலை குடும்பம் என்று வந்ததும் வெளியேறிவிடுபவர்கள் மிகப் பலர். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நாம் சொல்வது முதல் வகையினருக்கு ஓரளவு பொருந்தலாம். நீங்கள் சொல்லும் பையனுக்கு, உங்கள் நினைவு சரியானால், பொருந்தாது.

வளர்ப்பைப் பற்றிச் சொல்பவர்களிடமும் ஓர் உண்மை இருக்கிறது. தென் லண்டனில் 411 சிறுவர்களை 1961 முதல் தொடர்ந்து கவனித்த கேம்பிரிட்ஜ் ஆய்வில், ஒரு நாள் அளவுகடந்து அடித்து மறுநாள் கண்டுகொள்ளாமல் விடும் கண்டிப்பு, பிள்ளை எங்கே போகிறான் என்று பாராமல் இருப்பது, ஓயாத குடும்பச் சண்டை ஆகியவை பிற்காலக் குற்றத்தோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. தந்தையை மரணத்தால் இழந்த வீடுகளைவிட, சண்டையால் பிரிந்த வீடுகளிலிருந்துதான் கூடுதலான பையன்கள் சிக்கலில் மாட்டினார்கள். தகப்பன் துபாயில் இருக்கிறான், அதனால் பிள்ளை கெட்டுவிடும் என்று இங்கே பல தாய்மார்களைப் பயமுறுத்துகிறார்களே, அவர்களுக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.


பதில் 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர், சிவகங்கை மாவட்டம்

பேராசிரியர் ஐயா விரிவாக எழுதிவிட்டார். ‘பாட்டன் காலத்திலிருந்தே ஸ்டேஷனில் பெயர் இருக்கிறது’ என்ற வாக்கியத்தைப் பற்றி மட்டும் நான் பேச வேண்டும், ஏனென்றால் டீச்சர் எழுதியதில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான்.

பாட்டன் பெயர் ஸ்டேஷனில் இருப்பதற்குப் பாட்டன் எதையும் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளைக்காரர்கள் 1871-இல் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. சில சாதிகளை முழுக்க முழுக்கப் பட்டியலில் சேர்த்து, ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் வீட்டில் படுக்கவிடாமல் ஸ்டேஷனிலோ குறித்த இடத்திலோ வந்து படுக்க வைத்தார்கள். மதுரை மாவட்டத்தில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952-இல் ஒழிந்தது. பிறந்த குழந்தையையே நாளைய திருடன் என்று எழுதி வைத்த சட்டம் அது. ரத்தம் என்ற பேச்சை ஓர் அரசாங்கமே நம்பி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து ஊர்களே சாட்சி. அந்தப் பதிவேட்டில் இருந்த ஒரு பெயரை இன்று டீச்சரின் வகுப்பில் இருக்கும் பெண் குழந்தையின் மேல் ஏற்றுவது எனக்குத் தாங்க முடியாத அநியாயமாகத் தெரிகிறது.

முத்திரை குத்துவதால் வரும் கேடு வெறும் மனவருத்தத்தோடு நிற்பதில்லை. ஐயா சொன்ன அதே லண்டன் ஆய்வில், ஏறக்குறைய ஒரே அளவு சேட்டை செய்த பையன்களில், நீதிமன்றத்தில் தண்டனை பெற்றுப் பெயர் வெளியானவர்கள் அதன் பிறகு கூடுதலாகத் தவறினார்கள், பிடிபடாதவர்கள் அவ்வாறு தவறவில்லை என்று டேவிட் ஃபாரிங்டன் 1977-இல் காட்டினார். என் பணியிலும் இதைக் கண்டேன். விசாரணைக்காக ஒரு வீட்டுக்குப் போனால், தெருமுனைக் கடையில் வழி கேட்கும்போதே “அந்தக் களவாணி வீடா?” என்று கேட்பார்கள். உள்ளே பையனின் தாய், அவன் ஐ.டி.ஐ. சேர்வதற்கு வாங்கிவைத்த விண்ணப்பத்தையும் மாற்றுச் சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பார்; நன்னடத்தைச் சான்றுக்குக் கையெழுத்துப் போட ஊரில் ஒருவரும் முன்வராததால் அந்த விண்ணப்பம் போகவே போகாது. வேலைக்குப் போகும் வழி அடைபட்டபின், அவனைச் சேர்த்துக்கொள்ள எஞ்சியிருப்பது யார்?

சேர்க்கை என்பதைச் சமூகவியல் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறது. குற்றம் செய்யும் நுட்பத்தையும் அதற்கான நியாயத்தையும் நெருங்கிப் பழகுபவர்களிடமிருந்தே ஒருவன் கற்றுக்கொள்கிறான் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட் எழுதினார். நியாயங்களைப் பொறுத்தவரை, சைக்ஸ், மாட்ஸா என்ற இருவர் 1957-இல் வகைப்படுத்தியவற்றை எல்லாம் நான் இந்த மாவட்டத்திலேயே, நம் தமிழிலேயே கேட்டிருக்கிறேன். “அவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பத்து அண்டாவில் ஒன்று போனால் யாருக்கு நட்டம்?” “நான் ஏணியைத்தான் பிடித்தேன்.” “கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க முடியுமா?” பையன்களுக்கு நல்லது கெட்டது தெரியாமல் இல்லை, தெரிந்திருப்பதால்தான் இத்தனை சமாதானம் தேவைப்படுகிறது.

வறுமை பற்றி ஒரு வார்த்தை. ஆசைகளை எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டிவிட்டு, அடையும் வழிகளைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தால் நெருக்கடி வரும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1938-இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது. ஆனால் வறுமையே குற்றம் என்று முடித்துவிட்டால், நம் ஊர்களில் அதிக வட்டி காட்டி வைப்புத் தொகைகளை வாங்கி ஏமாற்றிய நிதி நிறுவனக்காரர்களை எந்தக் கணக்கில் வைப்பது? அதற்கென்றே 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரும் நிலை தமிழ்நாட்டுக்கு வந்ததே! அவர்களில் யாருடைய மகளையும் வகுப்பில் இடம் மாற்றச் சொல்லி எந்தப் பெற்றோரும் கேட்டதாக நான் அறியேன். படித்தவர்கள் பதவியில் இருந்தபடி செய்யும் குற்றத்தை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தவரும் அதே சதர்லேண்ட்தான், 1939-இல்.


பதில் 3
எழுதியவர்: தேவகோட்டை ஆச்சி

எங்கள் வீட்டிலும் திருட்டுப் போயிருக்கிறது. ஆகவே பறிகொடுத்தவர் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று எழுதுகிறேன். போனது என் மாமியாருக்கு அவர் தாய்வீட்டில் கொடுத்த வெள்ளிச் சாமான்கள். விலையைச் சொல்லி அந்த இழப்பை அளக்க முடியாது. காரணங்களை அடுக்கி அடுக்கிக் கடைசியில் செய்தவன் மேல் பொறுப்பே இல்லை என்று ஆக்கிவிடக் கூடாது. அதே வறுமையில், அதே தெருவில் இருந்துகொண்டு கை நீட்டாத பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள். செய்தவனைப் பொறுப்பாக்குவதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

இருந்தாலும் டீச்சர் கேட்டதில் விட்டுப்போன ஒரு பக்கம் இருக்கிறது. ரத்தம், மனம், சமூகம் என்ற மூன்று பக்கத்திலும் திருடினவனையே பார்க்கிறோம். பூட்டிய வீட்டை யார் பார்ப்பது? சென்னையில் சமூகவியல் படிக்கும் என் பேத்தி, கோஹென், ஃபெல்சன் என்ற இருவர் 1979-இல் எழுதியதை எனக்குப் படித்துச் சொன்னாள். செய்யத் துணிந்த ஆள், எடுக்கத் தோதான பொருள், தடுக்க ஆளில்லாத இடம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கூடினால்தான் திருட்டு நடக்கும் என்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வருமானம் கூடி வறுமை குறைந்த காலத்திலேயே திருட்டு ஏறியதற்குக் காரணம், பகலில் வீட்டில் ஆளில்லாமல் போனதும் விலையுயர்ந்த பொருள்கள் எடை குறைந்து தூக்கிப்போக எளிதானதும் என்று விளக்கியிருக்கிறார்கள். எங்கள் வளவைப் பற்றி எழுதியது போலவே இருந்தது. முன்பெல்லாம் முகப்பில் யாராவது பெரியவர் படுத்திருப்பார், கணக்கப்பிள்ளை வந்துபோவார், சமையல்கட்டில் நாலு பேர் இருப்பார்கள். இப்போது பத்துப் பங்காளிக்குச் சொந்தமான வீட்டுக்குக் காவல்காரர் சம்பளத்தை யார் கொடுப்பது என்று பேசியே வருஷம் ஓடிவிடுகிறது.

வாங்குகிறவரைப் பற்றி யாருமே பேசவில்லை. எங்கள் சாமான்களில் இரண்டு மட்டும் திரும்பி வந்தன. ஒரு குடத்தின் கழுத்தில் மாமியாரின் பெயர் வெட்டியிருந்த இடத்தை அரத்தால் ராவி, புளி போட்டுத் தேய்த்து, மெருகு ஏற்றியிருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கடைசி எழுத்தின் கால் மட்டும் தெரிந்தது. ஓட்டைப் பிரித்து இறங்கிய பையனுக்கு அந்த வேலை தெரியாது. அதைச் செய்தவர் பட்டறை வைத்திருப்பவர், பணம் முதல் போட்டவர். வாங்க ஆள் இல்லாவிட்டால் பையன்கள் அந்த ஓட்டில் ஏறியே இருக்க மாட்டார்கள். அவருடைய ரத்தத்தை ஊரில் யாரும் ஆராயவில்லை.

அந்தப் பெண் குழந்தை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் டீச்சர். பறிகொடுத்த வீட்டுக்காரி சொன்னதாகவே கூட்டத்தில் சொல்லுங்கள்.


கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டென்மார்க் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டப் போகிறேன். ஆச்சி, நீங்கள் அனுமதித்ததைச் சொன்னாலே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பையன் இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். இது முதல் வழக்கு. அவன் திருந்தி வர ஓர் ஆசிரியை செய்யக்கூடியது சட்டப்படி ஏதாவது உண்டா?


பதில் 4
எழுதியவர்: வழக்கறிஞர், காரைக்குடி

உண்டு, அம்மா. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் 6-ஆம் பிரிவு, 21 வயது நிரம்பாதவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதபோது, சிறைக்கு அனுப்புவதைத் தவிர்க்கவே சொல்கிறது. அனுப்பத்தான் வேண்டும் என்று நீதிமன்றம் கருதினால் அதற்குக் காரணத்தை எழுத வேண்டும். முடிவுக்கு வரும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். குற்றம் நிரூபணமானாலும் நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க வழி இருக்கிறது. அப்படி விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. தடுத்து வைக்கும் நிலை வந்தாலும் இந்த வயதினருக்குப் புதுக்கோட்டையில் பார்ஸ்டல் பள்ளி இருக்கிறது. பெரியவர்களோடு மத்திய சிறையில் அடைபடுவதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல்.

முன்னால் எழுதிய அலுவலர் ஐயா அறிந்திருப்பார், இந்த அறிக்கையில் பள்ளியைப் பற்றிய பகுதி பெரும்பாலும் இரண்டு வரியில் முடிந்துவிடும், ஏனென்றால் விவரம் கொடுக்க யாரும் இருப்பதில்லை. நீங்கள் அவனுடைய பழைய வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பதிவையும் தேடி எடுத்து, எந்த மாதத்திலிருந்து வருகை குறைந்தது, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று நினைவிலுள்ளதை எழுதி வையுங்கள். பாராட்டும் வேண்டாம், குறையை மறைக்கவும் வேண்டாம். அதை அவனுடைய வழக்கறிஞர் மூலமாக அலுவலரிடம் சேர்ப்பிக்கலாம். நிபந்தனைப்படி கையெழுத்துப் போடப் போகும் நாட்கள் தவிர மற்ற நாட்களில் ஒரு பட்டறையிலோ கடையிலோ வேலைக்குச் சேர்த்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. பாஸ்டனில் 500 சிறுவர் குற்றவாளிகளை முதுமைவரை தொடர்ந்து பார்த்த சாம்ப்சன், லாப் இருவரும், நிலையான வேலையும் நல்ல திருமண வாழ்வும் பலரை விலக்கி எடுத்ததாகக் கண்டிருக்கிறார்கள்.

ஆச்சி சொன்ன வாங்குகிறவரும் தப்ப வேண்டியதில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் தனிக் குற்றம். பறிகொடுத்த வீட்டார் பழைய கல்யாணப் புகைப்படங்களில் அந்தப் பாத்திரங்கள் இருந்தால் அவற்றையும், பெயர் வெட்டிய விவரத்தையும் விசாரணை அதிகாரியிடம் கொடுக்கட்டும்.

தங்கை விஷயத்தில் கூட்டத்தின் ஒப்புதல் உங்களுக்குத் தேவையே இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு குழந்தையை மன உளைச்சலுக்கு ஆளாக்குவதைத் தடுக்கிறது. இடம் மாற்றச் சொல்லும் பெற்றோரிடம் கோரிக்கையை எழுத்தில் கேளுங்கள், தலைமையாசிரியர் அதன் மேலேயே மறுத்துக் கையெழுத்திடட்டும்.